நீக்கப்பட்ட பக்கமும் கைக்கெட்டாத சான்றும்

விக்கிமீடியா அறக்கட்டளைக்கு எதிராக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கத்தை 36 மணி நேரத்தில் நீக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபர் 16 அன்று பிறப்பித்த ஆணையை, உச்ச நீதிமன்றம் 2025 மே 9 அன்று ரத்து செய்துவிட்டது. நீதிமன்ற நடவடிக்கைகள் மக்களின் பார்வைக்கும் விவாதத்துக்கும் விமரிசனத்துக்கும் உரியவை என்ற அத்தீர்ப்பு ஐயமின்றி வரவேற்கத்தக்கது. எனினும் அவ்வழக்கில் அடுத்தடுத்து வந்த ஆணைகள் விக்கியின் உள்ளடக்க அமைப்பை எவ்வாறு புரிந்துகொண்டன என்ற கேள்வி, தொகுப்பாளர்களும் மரபு ஆவணப் பணியாளர்களும் தனியே ஆராய வேண்டியதாக எஞ்சி நிற்கிறது.

பக்கத்தை நீக்கினால் உள்ளடக்கம் நீங்கும் என்பதே 2024ஆம் ஆண்டு ஆணையின் அடிப்படை. விக்கியிலோ கட்டுரை என்பது மேலே தெரியும் ஓர் அடுக்கு மட்டுமே. அதன் ஒவ்வொரு திருத்தத்தையும் காக்கும் வரலாறு, முடிவுகள் எட்டப்படும் உரையாடல் பக்கம், வேறு பெயரில் தேடி வருவோரைக் கொண்டுசேர்க்கும் வழிமாற்று, ஒத்த பொருள்களைத் திரட்டும் பகுப்பு, பல மொழிக் கட்டுரைகளை ஒரே உருப்படியில் பிணைக்கும் விக்கித்தரவு ஆகியவை சேர்ந்தே அதன் உள்ளடக்கம் ஆகின்றன. மாறாக, அதே வழக்கின் மற்றொரு கிளையில், பொத்தாம்பொதுவாக அமைந்த இடைக்கால நீக்க ஆணையை 2025 ஏப்ரல் 17 அன்று ஒதுக்கிய உச்ச நீதிமன்றம், குறிப்பான உள்ளடக்கத்தைச் சுட்டி மீண்டும் முறையிட வழிவிட்டது. விக்கியின் இயல்புக்கு நெருங்கி வருவது இந்த அணுகுமுறையே. பக்கத்தைவிடச் சிறியதாக, ஒரு வாக்கியமும் அதைத் தாங்கும் சான்றும் சேர்ந்த இணையே விக்கியின் உண்மையான அலகு என்பது இவ்விதழின் நிலைப்பாடு.

காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சமணக்காஞ்சி, ஜினகாஞ்சி என்ற பெயர்களால் தேடுபவர் ஊரைத் தேடுகிறாரா, திரைலோக்கியநாதர் கோயிலைத் தேடுகிறாரா என்பது வழிமாற்றை அமைப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல். ஊர், வர்த்தமானருக்குரிய அக்கோயில், அருகிலுள்ள பல்லவர் காலச் சந்திரபிரபர் கோயில், விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1387ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய சங்கீத மண்டபம், அதன் விதானத்தில் ரிஷபதேவர் முதலியோரின் வரலாறுகளைத் தீட்டிய ஓவியங்கள் ஆகியன வெவ்வேறு உருப்படிகள். இவற்றை ஒரே தகவற்சட்டத்தில் அடைத்தால் பல்லவர் காலமும் விசயநகரக் காலமும் ஒரே வரிசையில் மோதிக்கொள்ளும். பகுப்புகளை மாவட்ட எல்லையை மட்டும் கொண்டு வகுப்பதும் போதாது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது ஊர்களும் கோயில்களும் நிருவாக வகைப்பாட்டில் இடம்பெயர்ந்தன. பள்ளன்கோயில் செப்பேடு பருத்திக்குன்றின் சமணத் துறவி வச்சிரநந்திக்கு அளித்த கொடையைக் கூறுவதால் ஏற்படும் சமணத் தொடர்போ எந்த மாவட்டப் பிரிவினையாலும் மாறாதது. அத்தொடர்பைக் காட்டும் பகுப்பே ஆய்வாளருக்குப் பயன்படும்.

இவ்வடுக்குகளை எத்தனை செம்மையாக அமைத்தாலும், வாக்கியத்தைத் தாங்கும் சான்று கைக்கெட்டாவிட்டால் பயனில்லை. இருகப்பரின் கல்வெட்டுகள் இரண்டை கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் எபிகிராபியா இண்டிகா இதழின் 7ஆம் தொகுதியில் பதிப்பித்தார்; டி. என். இராமச்சந்திரன் இவ்வூர்க் கோயில்களைப் பற்றி எழுதிய விரிவான ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்த 60 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டதால், அந்நூலின் உரிமை எப்போதோ நீங்கிவிட்டது. ஆகவே குடியேற்ற ஆட்சிக்காலத்து ஆய்வு கட்டற்றுக் கிடைக்க, சுதந்திர இந்தியாவில் மக்கள் பணத்தில் நடந்த பிற்கால ஆய்வுகளோ உரிமத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. தமிழில் இன்று எழுதப்படும் கட்டுரையும் தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய பார்வையையே பெரிதும் சார்ந்து நிற்க நேர்கிறது.

மேற்கோள் காட்ட உரிமம் தேவையில்லையே என்ற மறுப்பு எழலாம். அது சட்டப்படி சரியே. ஆனால் மெய்யறிதன்மை, அதாவது எழுதப்பட்டதை எந்த வாசகரும் தாமே சரிபார்க்க முடிதல், நூற்பெயரையும் பக்க எண்ணையும் அடிக்குறிப்பில் இடுவதோடு நிறைவேறிவிடுவதில்லை. கல்வெட்டின் பாடம் விக்கிமூலத்திலும், கோயிலின் தரைப்படம் விக்கிமீடியா பொதுவகத்திலும் இருந்தால்தான் காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவரும் யாழ்ப்பாணத்து வாசகரும் சமநிலையில் அவற்றைச் சோதிக்க இயலும். எழுத்தாளர்களின் நூல்களைப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கும் உயரிய மரபைக் கொண்ட தமிழ்நாட்டு அரசு, தன் தொல்லியல் துறையின் நூல்கள் அனைத்துக்கும் அதே விடுதலையை வழங்கத் தயங்குவதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதுமில்லை. திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்கள் அத்துறையின் பாதுகாப்பிலேயே உள்ளன. கல்லைக் காக்கும் பொறுப்பு கல்லில் உள்ள எழுத்தை மக்களுக்குக் கொடுக்கும் பொறுப்பையும் உள்ளடக்கியதாகும். ஒன்றிய அரசின் நிலையும் வேறன்று. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரவே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட வேண்டியிருந்தது. கல்வெட்டு ஆண்டறிக்கையில் சில வரிச் சுருக்கமாக மட்டும் பதிவாகி முழுப் பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் ஏராளம். ஒரு பக்கம் நீக்கப்பட்டால் அதை எதிர்த்து வழக்காட ஒருவராவது இருப்பார்; அச்சேறாத பாடத்துக்காக வழக்காடுவோர் அரியர்.

தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தன் வெளியீடுகள் அனைத்தையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடுவதாக அரசாணை ஒன்று பிறப்பிக்கப்பட வேண்டும். எந்த நூல், எந்த உரிமம் என்பது அதன் முதற்பக்கத்திலேயே அச்சிடப்படவும் வேண்டும். அதுவரை தொகுப்பாளர்கள் இராமச்சந்திரனின் நூலை ஆங்கில விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்து ஏற்றி, திருப்பருத்திக்குன்றக் கட்டுரைகளின் ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் பக்க எண்ணை இட்டு, அந்நூல் விடையளிக்காத இடங்களை உரையாடல் பக்கத்தில் வெளிப்படையாகப் பட்டியலிட்டு வைப்பது உடனே தொடங்கக்கூடிய பணியாகும்.