தலைமடைத் தேரை

ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்குத் தேரையா பொருள்? தேர்தல் இல்லையா, தீர்மானங்கள் இல்லையா, தில்லிக்குத் தூது போவோர் இல்லையா? அவற்றை எல்லாம் விட்டுவிட்டு, விரலின் இரண்டு கணு நீளங்கூடத் தேறாத தேரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறானே இவன் என்று, தஞ்சைத் தரணியிலே இந்த ஏட்டைக் கையில் விரித்திருக்கும் தோழர்கள் கேட்கக்கூடும். கேளுங்கள்! கேட்டுவிட்டு, அந்தத் தேரை குடியிருக்கும் இடம் எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குடகு! நம் வயலுக்கு வருகிற காவிரியின் பிறந்த வீடு!

ஆண்டுதோறும் ஜூன் 12 நெருங்கும்போது நம் கண்கள் எல்லாம் மேட்டூரை நோக்குகின்றன. 1934இல் கட்டி முடித்த அந்த அணையிலே இன்று எத்தனை அடி, நேற்று எத்தனை அடி என்று தேநீர்க் கடையிலே பேச்சு. குறுவைக்கு உண்டா, சம்பாவுக்காவது உண்டா என்று வரப்பிலே ஏக்கம். 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் அது தந்த இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்சநீதிமன்றம் நமக்கென அளந்த 177.25 டி.எம்.சி.! பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நம் உழவர் ஒப்பிப்பார். ஒப்பிக்கத்தான் வேண்டும், உரிமையை மறந்தவனுக்கு ஊற்றிக் கொடுப்பார் எவரும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மேட்டூருக்கு மேலே கிருஷ்ணராஜசாகர், அறிவோம். கபினி, ஏமாவதி, ஆரங்கி, அவற்றையும் அறிவோம். அவற்றுக்கும் மேலே? அங்கே நம் அறிவு நின்றுவிடுகிறது! காவிரி ஏதோ அணையிலே பிறந்து, அணையிலே வளர்ந்து, மதகு திறந்ததும் மணக்கோலத்தில் வெளியே வருவதுபோலத்தான் மேடையிலே முழங்குகிறோம். நாடகம் எழுதுகிறவன் என்ற உரிமையிலே சொல்கிறேன்: மூன்றாம் காட்சியிலே கொட்டகைக்குள் நுழைந்து, முன்னே நடந்தது தெரியாமல், கைதட்டவும் கல்லெறியவும் முந்துகிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். காவிரி வழக்கிலே நாமும் அப்படித்தான் அமர்ந்திருக்கிறோம்.

முதற் காட்சி குடகிலே. பழந்தமிழர் குடமலை என்று அழைத்த மண் அது. தலைக்காவிரிக்கு அருகே நிற்கும் குன்றின் பெயர் பிரம்மகிரி. குடகின் தென்னெல்லையில் வயநாட்டை ஒட்டி நீண்டு கிடக்கும் மலைத்தொடரின் பெயரும் பிரம்மகிரியே. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது தென்னெல்லைத் தொடரை. அதன் ஒரு சரிவிலே இறங்கும் ஓடைகள் கேரளத்துக்குப் போகின்றன. மறு சரிவிலே பிறக்கும் இலட்சுமண தீர்த்தம் என்னும் ஆறு, இருப்பு அருவியாய்க் குதித்து, குடகின் வயல்களைக் கடந்து, கிருஷ்ணராஜசாகரில் வந்து காவிரியோடு கலக்கிறது. அந்த மலையிலே கண்டெடுத்த தேரையைத்தான், 1876இல், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் குந்தர் உலகுக்கு அறிமுகம் செய்தார். மலபார்க் காட்டாற்றுத் தேரை என்று சொல்லலாம். நெடுங்காலம் அதை மலேயா, போர்னியோப் பக்கத்துத் தேரைகளின் குடும்பக் கிளையிலே ஒட்டவைத்திருந்தனர். 2009இல் எஸ்.டி. பிஜுவும் அவரோடு ஆய்ந்தவர்களும், 'இது வந்தேறி அன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனி இனம்' என்று நிலைநாட்டி, அதற்குக் காட்டோஃபிரைன் என்று புதுப் பேரினப் பெயர் சூட்டினர். சொந்த மண்ணிலே உரிமை பெற, தேரைக்குங்கூட நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

கல்லூரியிலே தவளையை அறுத்துப் பார்க்கும் வகுப்பு வருவதற்கு முன்பே கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டவன் நான். ஆகவே விலங்கியல் பேசுகிறேன் என்று எவரும் அஞ்ச வேண்டாம். பொதுவழக்கிலே தெரிய வேண்டியவை சிலவே. முதுகு கருமை, அடிவயிற்றிலே வண்ணத் திட்டுகள், மழைக்காட்டு ஓடையின் பாறைகளுக்கிடையே வாழ்வு. வயல்வெளித் தவளை குட்டையிலும் பிழைக்கும், குளத்திலும் பிழைக்கும். ஓடைத் தேரைக்கு ஓடும் நீர் வேண்டும்; குளிர்ந்த நீர் வேண்டும்; மேலே மரநிழல் வேண்டும். இத்தகைய தேரைகள் பலவற்றின் தலைப்பிரட்டைகள் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாதபடி வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. தோலோ மெல்லியது. மூச்சின் ஒரு பகுதி அந்தத் தோல்வழியே நடக்கிறது. நீரிலே நஞ்சு கலந்தால் மீன் அறியுமுன்னே தேரை அறியும்.

'கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான்' என்பார்கள். அந்த வாதத்துக்கு இன்று நான் வரவில்லை. அளப்பவன் எவனாயினும், அளக்கும் படி ஓடை. அந்தப் படியைப் பறிப்பவன் மனிதன்!

எப்படிப் பறிக்கிறான்? குடகு காபி விளையும் நாடு. மரநிழலில் வளரும் காபி, மற்றப் பயிரைவிடக் காட்டுக்கு நண்பன் என்பது உண்மை. ஆனால் பல தோட்டங்களிலே பழைய காட்டு மரங்கள் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசையாய் நிற்கிறது. பூச்சிக்கொல்லியும் தாமிரக் கலவையும் தெளிக்கிறார்கள். மழை வந்தால் அவை எங்கே போகும்? ஓடைக்கு! பிப்ரவரி, மார்ச் மாதங்களிலே, மழையற்ற வேளையிலே, ரோபஸ்டா காபி பூப்பதற்கு நீர் தெளிக்க வேண்டும். அந்த நீரை எங்கிருந்து இறைப்பார்கள்? ஓடையும் ஓடை நிரப்பும் குட்டையுமே கைக்கெட்டுகின்றன. தேரைக்கு உயிர்நீர் ஒடுங்கிக் கிடக்கும் அதே வேளையில் பம்பு இரைகிறது. குடகரை மட்டும் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்திவிட்டு நாம் நீதிபதி நாற்காலியில் அமர முடியாது, தோழர்களே. கும்பகோணத்து டிகிரி காபி என்று பெருமை பேசி ஆற்றி ஆற்றிக் குடிப்பவர்கள் நாம். அந்தக் கொட்டை எந்தச் சரிவிலே விளைந்தது என்று தம்ளர் கேட்பதில்லை.

காபி மட்டுமா? விடுதிகள், அவற்றுக்குச் சாலைகள், சாலைக்காகச் சரிவை வெட்டும் எந்திரங்கள்! மைசூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு உயர் அழுத்த மின்கம்பி கொண்டுபோவதற்காக 2015இல் குடகின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர் கணக்கிட்டபடி, 1965க்கும் 2016க்கும் இடையிலே காவிரிப் படுகையில் அழிந்த இயற்கைப் பசுமை ஏறத்தாழ 12,850 சதுர கிலோமீட்டர். அதிலே முக்கால் பங்கு கருநாடகத்தில். கால் பங்கு? நம் பக்கத்திலே! ஓர் ஊரிலே பேசும்போது இந்தக் கணக்கைச் சொன்னேன். முக்கால் பங்கைச் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. கால் பங்கைச் சொன்னபோது ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

'தேரை செத்தால் எனக்கென்ன?' என்று கேட்கும் உழவருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. காட்டிலே விழும் மழை நேரே ஓடிவிடுவதில்லை. இலை தாங்குகிறது, சருகு தாங்குகிறது, வேர் இறுகப் பிடித்த மண் உறிஞ்சுகிறது. ஆடியில் உறிஞ்சிய நீரைத் தையிலும் மாசியிலும் கசியவிடுகிறது. ஊற்று என்பது அதுதான். மழையற்ற மாதத்திலும் மலை ஓடை நடமாடுவது அதனாலேதான். காடு போனால்? மழை முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும். அணைகள் வெள்ளம் தாங்காமல் திறக்கும். அடுத்த மாதம் வறளும். 2018 ஆகஸ்டை எண்ணிப் பாருங்கள். அந்த மாதம் பெருமழையிலே குடகின் மலைச் சரிவுகள் வீடுகளோடு சரிந்தன. அதே மாதம் 22ஆம் நாள், வெள்ளம் தாங்காமல் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. ஆற்றிலே வெள்ளம் கரைபுரண்ட அந்த நாட்களிலேயே, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நம் பகுதியிலே குரல் எழுந்தது! பெருமழை இயற்கையின் செயல் என்று சொல்லலாம். தாங்கும் காட்டைத் தளர்த்தியது எவர் செயல்? 2020 ஆகஸ்டிலே பிரம்மகிரிக் குன்று தலைக்காவிரிக்கு அருகிலேயே சரிந்து, கோயில் பூசகரின் வீட்டைக் குடும்பத்தோடு புதைத்தது.

மலை ஓடையிலே தேரை இருக்கிறது என்றால், அங்கே நிழல் இருக்கிறது, குளிர் இருக்கிறது, கோடையிலும் நீர் நடமாடுகிறது என்று பொருள். வழக்கறிஞர் எவரும் கலைக்க முடியாத சாட்சி அது! 2004ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு அந்தச் சாட்சியை அருகிவரும் உயிர்களின் பட்டியலிலே எழுதியது.

மேலே இருப்பவன் நீரை மறித்தால் கீழே இருப்பவன் என்ன ஆவான் என்பதைத் தஞ்சைக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆப்பிரிக்காவிலே நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள். தான்சானியாவில் கிகான்சி என்று ஓர் ஆறு. செங்குத்தான பள்ளத்தாக்கிலே அருவியாய் விழும். அந்த அருவி வீசும் சாரலிலே, இரண்டு எக்டேர் அளவுள்ள ஈரநிலத்திலே மட்டும், பொன்னிறத் தேரை ஒன்று பல்லாயிரக் கணக்கிலே வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் இல்லை. 1996இல்தான் அறிவியலார் கண்ணில் பட்டது. அப்போதே மேலே மின்சார அணை எழுந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டளவிலே பத்தில் ஒன்பது பங்கு நீரைக் குழாய்க்குள் திருப்பினார்கள். சாரல் நின்றது! பிறகு பதறிப்போய், குழாய் அமைத்துச் செயற்கைச் சாரல் தெளித்தார்கள். அருவியைப் பறித்துக்கொண்டு தெளிப்பான் கொடுப்பது! 2003இல் தேரைகள் கூட்டம் கூட்டமாய் மடிந்தன; தோலைத் தாக்கும் பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. 2009இல், காட்டிலே இனி இல்லை என்று அறிவித்தார்கள். முன்னெச்சரிக்கையாக 2000இலேயே 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளுக்குக் கொண்டுபோயிருந்ததால், அவற்றின் வழித்தோன்றல்களை 2012இலே பிறந்த மண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. நம் காட்டாற்றுத் தேரைக்கு அப்படி விமானச் சீட்டு எடுத்து வைத்திருப்பவர் எவர்?

அழிந்தது என்று எழுதியபின் திரும்பி வந்த கதையும் உண்டு. இலங்கையிலே 1872இல் அதே குந்தர் பெயரிட்ட கண்டித் தேரை நூறாண்டுக்கு மேல் கண்ணில் படவில்லை. 2004இல் அழிந்த இனம் என்று முத்திரை குத்தினார்கள். 2009இல், சிவனொளிபாத மலைக் காட்டிலே, ஓர் ஓடையோரம் அது உட்கார்ந்திருந்தது! காடு மிஞ்சியிருந்தது, தேரையும் மிஞ்சியிருந்தது.

நம் வயலையும் மறந்துவிட வேண்டாம். தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நம் நாட்டு வயல்தவளைகள் கெட்டதோ அயல்நாட்டார் வாயால்! தட்டிலே காலாய்ப் படைப்பதற்காக 1981இல் மட்டும் நான்காயிரம் டன்னுக்கு மேல் தவளைக்கால் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பூச்சியைத் தின்று பயிரைக் காத்தவனின் காலை வெட்டி விற்றுவிட்டு, பூச்சிமருந்தை விலை கொடுத்து வாங்கினோம். 1987இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மலையைப் பொறுத்தவரை அரசு நினைத்ததா? 2011இல் காட்கில் குழு அறிக்கை தந்தது. கடுமை என்றார்கள். 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதைக் குறைத்து அறிக்கை தந்தது. அதுவும் கடுமை என்றார்கள். வரைவு அறிவிக்கை என்று ஒன்று வரும், காலம் கழியும், காலாவதியாகும், மீண்டும் வரும். 2024 ஜூலை 31இல் வந்தது ஆறாவது வரைவு. ஆறு மாநிலங்களில் 56,825 சதுர கிலோமீட்டரைக் காக்க வேண்டிய பகுதி என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், கருநாடக அமைச்சரவை கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஏற்க மாட்டோம் என்று முடிவு செய்தது. காவிரியின் தாய்மடியைக் காப்பதா வேண்டாமா என்ற முடிவு அது. மேட்டூரில் ஓர் அடி குறைந்தால் மறியல் செய்கிற நம் பக்கத்திலிருந்து அன்று எழுந்த குரல் எத்தனை? குடகின் உழவருக்கு அச்சம் இருக்கிறது. நிலம் போய்விடுமோ, வீடு கட்டத் தடை வருமோ என்கிற நியாயமான அச்சம். அதற்கு விடை சொல்லாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் எவரும் ஏற்கமாட்டார். காட்டு மரத்தைக் காக்கும் தோட்டக்காரருக்கு அரசு பணம் தரட்டும். அந்த மரம் காக்கும் நீரை உண்பவர்கள் நாம். அந்தச் செலவிலே நமக்கும் பங்கு உண்டு என்று சொல்லுகிற துணிவு நமக்கு வேண்டும்.

அடுத்த முறை காவிரிக்காக அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடும். தீர்மானம் வரும். டி.எம்.சி. கணக்கு வரும், கண்டனம் வரும். அவற்றோடு ஒரு வரி சேர வேண்டும்: குடகின் ஓடைக் காடுகளைக் காப்பதற்கான செலவிலும் சட்டத்திலும் தமிழ்நாடு தன் பங்கை ஏற்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் பங்குக்குரிய பகுதியை முதலில் தானே காத்துக் காட்டும் என்று. வரியை எழுதித் தர நான் ஆயத்தம். தேரைக்காகத் தீர்மானமா என்று சிரிப்பார்கள்; சிரிக்கட்டும். முன்மொழியும் தலைவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், அவர் பெயரை இதே பக்கத்திலே எழுதுகிறேன்.