எந்தப் பிரதி அசல்?

ஜப்பானிய மொழி நாவல் ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எத்தனை நாள் அவகாசம் தரலாம்? எவ்வளவு அவசரக்காரப் பதிப்பாளரும் நாலைந்து மாதமாவது தருவார். டெட் வூல்ஸி என்ற அமெரிக்கருக்கு 1994இல் கிடைத்தவை முப்பது நாட்கள். ஜப்பானிய இலக்கியம் படித்தவர். ஆனால் கைக்கு வந்தது நாவல் அல்ல. ‘ஃபைனல் ஃபேண்டஸி 6’ என்ற வீடியோ கேம். பக்கம் பக்கமாக உரையாடல் கொண்ட விளையாட்டு.

டோக்கியோவின் ஸ்கொயர் நிறுவனம் அதை 1994 ஏப்ரல் 2ஆம் தேதி வெளியிட்டது. அக்டோபரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது எண் 3 ஆகிவிட்டது. வரிசையில் 2, 3, 5 மூன்றும் அமெரிக்கர்கள் கண்ணில் படவே இல்லை. 4ஐ 2 என்று விற்றிருந்தார்கள். ஆக இந்த விளையாட்டின் பாடபேதம் அட்டையிலேயே ஆரம்பித்துவிட்டது.

வீடியோ கேம் என்றால் சுடுவது, குதிப்பது, கார் ஓட்டுவது என்று மட்டும் அறிந்தவர்களுக்குச் சிறு விளக்கம். இது பாத்திரமேற்று ஆடும் வகை. ஆடுபவர் ஊர் ஊராகப் போகிறார், பேசுகிறார், படிக்கிறார், இடையிடையே முறை வைத்துச் சண்டை போடுகிறார். முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். பதினான்கு பாத்திரங்கள், இவர்தான் கதாநாயகன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. மாயசக்தி அழிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆன உலகில், அதை இயந்திரத்தின் துணையோடு மீட்டு ஆயுதமாக்கப் பார்க்கிறது ஒரு சாம்ராஜ்யம். அதன் கைப்பாவையாக வைக்கப்பட்டிருந்த டெர்ரா என்ற பெண்ணிடமிருந்து கதை தொடங்குகிறது. கோமாளி வேஷமும் கொலைவெறியுமாகத் திரியும் கெஃப்கா என்ற வில்லன் கதையின் நடுவில் ஜெயித்தே விடுகிறான். உலகம் அழிகிறது. மீதிப் பாதிக் கதை, அந்த அழிவுக்குப் பிறகு, சிதறிப்போனவர்களைத் தேடிச் சேர்ப்பது. 1994இல் ஒரு வீடியோ கேமில் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது ஆடினாலும் அந்த இடத்தில் கை கொஞ்சம் நிற்கும்.

வூல்ஸியின் சங்கடத்துக்கு வருவோம். விளையாட்டு ஒரு கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு 3 மெகாபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படம், இசை, கதை எல்லாம் அதற்குள். ஜப்பானியர் இரண்டு எழுத்தில் எழுதும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்து வேண்டும். மெனுவில் ஆயுதங்களுக்கும் மந்திரங்களுக்கும் ஒதுக்கிய கட்டங்களோ ஜப்பானிய அளவுக்கு வெட்டியவை. மொழிபெயர்த்ததை வெட்டி, வெட்டியதை மறுபடி சுருக்கி, கதை நூல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது போதாதென்று நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை வைத்திருந்த ஒழுக்க விதிகள். மதம், மது, நிர்வாணம் எதுவும் கூடாது. மதுக்கடைகள் ‘கஃபே’ ஆயின. ‘ஹோலி’ என்ற மந்திரம் மதச் சாயல் உள்ளதென்று ‘பேர்ல்’, அதாவது முத்து, ஆயிற்று.

பெயர்களில் அவர் காட்டிய சாதுர்யம் அலாதி. ஜப்பானில் டெர்ராவின் பெயர் டினா. ஜப்பானியக் காதுக்கு டினா என்பது தூரதேசத்துப் பெயர், அதனால் மர்மம் உண்டு. அமெரிக்காவில் தெருவுக்கு ஒரு டினா இருப்பாள். அந்த மர்மத்தைக் காப்பாற்றத்தான் டெர்ரா. சொல்லை விட்டுவிட்டு அதன் வேலையை மொழிபெயர்ப்பது என்றால் இதுதான். இன்னோர் உதாரணம், தோற்றுப்போன கெஃப்கா பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுகிற இடம். மூலத்தில் இருப்பது ஜப்பானியர் தினமும் பயன்படுத்தும் ஒரு சாதாரண வசவு, திரும்பத் திரும்ப. கெட்ட வார்த்தைக்கு நிண்டெண்டோ அனுமதிக்காது. வூல்ஸி எழுதியது: ‘நீர்மூழ்கிக் கப்பல்காரன் மகனே!’ ஆங்கிலத்தில் வரவேண்டிய வசவின் முதல் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைக் கோணலாக்கிய தந்திரம். கெஃப்காவின் பைத்தியக்காரத்தனம் மூலத்தில் இருந்ததைவிடக் கூடவே தெரிகிறது. பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளரும் இதைத் தொடவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி வாய்க்கவில்லை. உலகம் அழிந்து ஓராண்டு கழித்து, ஸெலஸ் என்ற முன்னாள் தளபதி ஒரு தீவில் கண் விழிக்கிறாள். உடன் இருப்பது ஸித் என்ற கிழவர் மட்டும், அவரும் நோயாளி. கடற்கரையில் அவள் மீன் பிடித்துக் கொடுக்கவேண்டும். மீனைப் பொறுத்து அவர் பிழைக்கலாம், சாகலாம். இறந்துவிட்டால் அவள் வடக்கே மலைமுகட்டுக்குப் போய்க் கீழே குதிக்கிறாள். அந்தத் தீவில் நம்பிக்கை இழந்த மற்றவர்கள் அங்கிருந்து விழுந்து செத்ததை ஸித் முன்பே சொல்லியிருக்கிறார். வூல்ஸியின் ஆங்கிலத்தில் அந்தப் பேச்சு, மனம் சோர்ந்தவர்கள் நம்பிக்கையோடு அங்கிருந்து குதித்தால் உற்சாகமாகிவிடுவார்கள் என்ற பொருளில் போகிறது. தணிக்கைக்காரருக்கும் கதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாக்கியம். 1994இல் படித்த அமெரிக்கப் பையன்கள், பிறகு அவள் குதிக்கும்போது என்ன நினைத்திருப்பார்களோ! குழந்தைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரு துக்கத்தை விளங்காமல் செய்துவிட்டார்கள்.

அடுத்த பிரதிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1999இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது. அழகான வீடியோ காட்சிகள் சேர்த்தார்கள். ஆனால் சண்டை தொடங்கவும் மெனு திறக்கவும் குறுந்தகடு சுற்றிச் சுற்றி யோசிக்கும். இதற்குச் சேகரிப்பாளர்களிடம்தான் மதிப்பு. 2014இல் கைபேசிக்கு ஒரு பதிப்பு வந்து அடுத்த ஆண்டே கம்ப்யூட்டருக்கும் போயிற்று. பழைய புள்ளிச் சித்திரங்களை வழவழப்பாகத் திரும்ப வரைந்து, பாத்திரங்களைப் பிளாஸ்டிக் பொம்மைகள்போல் ஆக்கியதாக ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயமே. 2021இல் கம்பெனி அதை ஸ்டீம் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2006 இறுதியில் ஜப்பானிலும் 2007இல் அமெரிக்காவிலும் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்பு. டாம் ஸ்லாட்டரி புதிதாக மொழிபெயர்த்தார். ‘ஹோலி’ திரும்பி வந்தது, ஸித்தின் பேச்சுக்கு அர்த்தம் வந்தது. டெர்ரா டெர்ராவாகவே இருந்தாள்; முன்னோடியின் நல்ல தீர்ப்புகளை மாற்றாத பண்பு நம்மூர் மொழிபெயர்ப்பாளர்களிடம் எப்போதும் காணக்கூடியதல்ல. பழைய பிழைகள் பலவும் திருத்தப்பட்டன. கூடுதலாக ஒரு குகை, புதிய எதிரிகள். ஆனால் நோபுவோ உவேமட்ஸுவின் இசை அந்தக் கையடக்கக் கருவியில் தகர டப்பாவுக்குள் பாடியதுபோல் ஆயிற்று. முதல் கருவியில் சோனி செய்த தனி ஒலிச் சில்லு இருந்தது, இதில் இல்லை. பின்னொளி இல்லாத சின்னத் திரைக்காக வண்ணங்களையும் வெளிற வைத்தார்கள்.

மற்றது, 2022 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் வந்த ‘பிக்ஸல் ரீமாஸ்டர்’. சித்திரங்கள் பழைய பாணியில், இசை உவேமட்ஸுவின் மேற்பார்வையில் புதிதாக வாசிக்கப்பட்டது. கதையின் நடுவே வரும் ஆபரா காட்சியில் முதல் முறையாக மனிதக் குரல் பாடுகிறது. வசனம் ஸ்லாட்டரியினுடையதை ஒட்டியது. கேம்பாயில் சேர்த்த குகையும் எதிரிகளும் இதில் இல்லை. வந்த அன்றே ஒல்லியாக நசுங்கிய எழுத்துருவைப் பார்த்து எல்லோரும் முகம் சுளித்தார்கள். சில நாட்களிலேயே ரசிகர்கள் வேறு எழுத்துருவைச் செருகும் வழி கண்டுபிடித்தார்கள். 2023 ஏப்ரலில் ஸ்விட்ச், ப்ளேஸ்டேஷன் 4 இரண்டுக்கும் வந்தபோது பழைய பாணி எழுத்துருவையும் பழைய இசையையும் விருப்பமாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கம்பெனியே கொடுத்தது.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: “மாமா, இதுல எதை வாங்கறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

“முதல் தடவையா ஆடப் போறியா, ஏற்கெனவே ஆடியிருக்கியா?”

“முதல் தடவைதான். ஆனா மாட் போட்டுத்தான் ஆடணுமாமே?”

அந்த ‘ஆமாமே’யில்தான் விஷயம் இருக்கிறது. மாட் என்பது ரசிகர்கள் விளையாட்டைத் திருத்துவது. இங்கே பெரும்பாலும் ‘பேட்ச்’ என்ற சிறு கோப்பு வடிவில் கிடைக்கும். கோப்பில் விளையாட்டு இருக்காது. எந்த இடத்தில் எந்த பைட்டை எதுவாக மாற்ற வேண்டும் என்ற பட்டியல் மட்டும் இருக்கும். பிழைதிருத்தம் மட்டும் அச்சிட்ட தாளைப் போல; புத்தகம் உங்களிடம் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜைச் சொந்தமாக வைத்திருப்பவர் அதிலிருந்து எடுத்த பிரதியில் இதைப் போடலாம். இணையத்தில் முழு விளையாட்டையும் இறக்கிக்கொள்வது திருட்டுத்தான், எத்தனை பழையதானாலும்.

பேட்ச் போடுவதிலும் சுவடி பார்ப்பதன் சிக்கல்கள் எல்லாம் உண்டு. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜிலேயே 1.0, 1.1 என்று இரண்டு அச்சுகள். முதலாவதில் ரெல்ம் என்ற சிறுமி எதிரியைப் படம் வரைந்தால் சில சமயம் பை முழுக்கக் குப்பைப் பொருட்கள் நிரம்பி, சேமித்து வைத்த ஆட்டமே நாசமாகும். இரண்டாவதில் அது சரிசெய்யப்பட்டது. பழைய நகலெடுக்கும் கருவிகள் கோப்பின் தலையில் 512 பைட் கொண்ட ஒரு முகப்பை ஒட்டிவிடும். முகப்பில்லாப் பிரதிக்கு எழுதிய பேட்சை முகப்புள்ள பிரதியில் போட்டால் ஒவ்வொரு திருத்தமும் 512 இடம் தள்ளி விழும். விளையாட்டு திறக்காது, அல்லது திறந்து பத்து மணி நேரம் கழித்துச் செத்துப்போகும். ஆகவே பேட்சுடன் வரும் குறிப்பை முதலில் படிக்க வேண்டும். அசல் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். பல பேட்ச் போடுவதானால் ஒன்றைப் போட்டு, கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுவது நல்லது.

எந்தப் பேட்ச் என்பதில்தான் சண்டை. பிழை நீக்கம் பற்றி யாருக்கும் தகராறில்லை. மூல விளையாட்டில், அடியைத் தவிர்க்கும் திறன் என்று ஓர் எண் காட்டப்படும்; அது எதற்கும் பயன்படவில்லை. மாயத் தாக்குதலைத் தவிர்க்கும் எண்ணே இரண்டு வேலையையும் பார்த்தது. அந்தத் திறன் கூட்டும் கேடயத்தை நம்பி வாங்கிய லட்சக்கணக்கானோர் ஏமாந்தார்கள். இதைச் சரிசெய்யும் பேட்சைப் போடலாம். கேம்பாய் பதிப்புக்கு இசையையும் வண்ணத்தையும் மீட்டுத் தரும் பேட்சுகள் இருக்கின்றன; அவை போட்டபின் அது வேறு விளையாட்டாகவே நிமிர்கிறது. ‘டெட் வூல்ஸி அன்சென்ஸர்ட் எடிஷன்’ என்ற மாட் எனக்கு மிகப் பிடித்த முயற்சி. வூல்ஸியின் குரலை அப்படியே வைத்துக்கொண்டு, தணிக்கை வெட்டியதையும் அவசரத்தில் தவறியதையும் மட்டும் சரிசெய்ய முயல்கிறது. முப்பது நாள் கெடு இல்லாதிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்கும் வேலை. ரசிகர்களின் உழைப்பில் இந்தப் பணிவு அபூர்வம்.

‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ போன்றவை வேறு ஜாதி. சண்டை விதிகளையும் பாத்திரங்களின் சக்திகளையும் திரும்ப வகுத்து, வசனத்தையும் மாற்றி எழுதிவிடுகின்றன. மோசம் என்று சொல்லமாட்டேன். விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு விருந்து. ஆனால் மூலத்தைத் தெரியாதவன் அதில் ஆரம்பித்தால், உரையாசிரியரைப் படித்துவிட்டுக் கவியைப் படித்ததாக நினைத்துக்கொள்வான்.

மருமகனிடம் நான் சொன்னது இதுதான்: ‘பிக்ஸல் ரீமாஸ்டர்’ வாங்கு. கம்ப்யூட்டரில் ஆடினாலும் கன்ஸோலில் ஆடினாலும் எழுத்துருவை மட்டும் கவனி. வேறு மாட் எதுவும் வேண்டாம். பிடித்திருந்தால், இரண்டாம் தடவை வூல்ஸியிடம் போ; அவர் எதை இழந்தார், எதைச் சம்பாதித்தார் என்பது அப்போதுதான் தெரியும். கூடுதல் குகைக்கு ஆசைப்பட்டால் மட்டும் கேம்பாய், இசை மீட்ட பேட்சுடன்.

இன்னும் ஒன்றும் சொல்லிவைத்தேன். மிதக்கும் கண்டம் நொறுங்கும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், விமானத்தில் குதித்துவிடச் சொல்லும். குதிக்காதே. கடைசிச் சில விநாடிகள் வரை விளிம்பிலேயே நின்று ஷேடோவுக்காகக் காத்திரு. அவசரப்பட்டால் அவன் திரும்பி வரமாட்டான். எந்தப் பதிப்பிலும்.