எல்லைக்காற்றில் வளர்ந்த எழுத்து

பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்துக்குள் வீசுவது கிழக்கத்திக் காற்று மட்டுமல்ல, தமிழும்தான். எல்லையோரக் கிராமங்களின் மலையாளத்தில் தமிழ் தாராளமாகக் கலந்திருக்கும். பாடப்புத்தகம் ஒதுக்கிய அந்தப் பேச்சுக்கு நாவலில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர் ஓ.வி. விஜயன்.

1930இல் பாலக்காட்டின் விளையஞ்சாத்தனூரில் பிறந்தவர். தந்தை மலபார் சிறப்புப் போலீஸ் படையில் அதிகாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்த விஜயன், சில காலம் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1958இல் தில்லிக்குப் போய் சங்கர்ஸ் வீக்லியில் கார்ட்டூனிஸ்ட் ஆனார். அடுத்து பேட்ரியட் நாளேடு. பின்னர் மாதச் சம்பளத்தை விட்டு, பல பத்திரிகைகளுக்குச் சுதந்திரமாக வரையவும் எழுதவும் தொடங்கினார். தி ஹிந்து, ஸ்டேட்ஸ்மன் முதல் ஹாங்காங்கின் ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ வரை அவரது கோடுகள் பயணம் செய்தன.

தில்லியில் கோடு, மனதில் தஸ்ராக். 1956இல் சகோதரி சாந்தா ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்த கிராமம் அது. அங்கே முளைத்த கதையை முதலில் புரட்சி நாவலாகத்தான் யோசித்தார் விஜயன். 1958இல் ஹங்கேரியின் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டது இந்த இடதுசாரியை உலுக்கிவிட்டது. திட்டம் மாறியது. எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள். 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்த 'கசாக்கின் இதிகாசம்' மலையாள உரைநடையின் போக்கையே மாற்றியது.

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. அதிகாரத்தைக் கடுமையாகக் கிண்டல் செய்த 'தர்மபுராணம்' 1975இல் தொடராக வரவிருந்தது. நெருக்கடி நிலை குறுக்கிட்டது. 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

1990இல் சாகித்திய அகாதெமி விருது, 2003இல் பத்மபூஷண் என்று அங்கீகாரங்கள் வந்தன. ஆனால், கோடு போட்ட கையை பார்க்கின்சன் நோய் முடக்கியது. 2005இல் ஹைதராபாதில் காலமானார்.

கசாக்கை 1994இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் விஜயனே. எல்லைப் பேச்சின் ருசியை ஆங்கிலத்தில் எவ்வளவுதான் தர முடியும்? யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்கு அந்தச் சிரமம் குறைவு. 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. கணவாய் தாண்டிப் போன சொற்களில் சில, அதன் வழியே வீடு திரும்பியிருக்கின்றன.