‘மினிமம் மெட்டீரியல்’ யாருக்கு?

கறம்பக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு ஆங்கிலப் பயிற்சி ஆசிரியராகப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். ‘கம்யூனிகேட்டிவ் மெத்தட்’ பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்தான். ஆனால் வகுப்பில் நின்றதும் பாடத்தை வாசிக்கிறார், வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்கிறார், வினா விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். அவர் படித்தபோது அவருக்கு நடந்தது அதுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975லேயே இதை எழுதினார். ஆசிரியராக வருகிறவர் பல்லாயிரம் மணி நேரம் மாணவராக உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகிவிடுகிறார். பி.எட். அதன்மேல் அடிக்கும் வெள்ளைதான்.

நம் ஊரில் அந்த பெஞ்சு இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. யாரை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், யாரைக் கழிப்பறை கழுவ அனுப்பினார்கள் என்பதையும் பார்த்துத்தானே வளர்ந்தோம்? பயிற்சிக்குப் போன இடத்தில் ஆசிரியர் அறை அதை உறுதி செய்கிறது: “அந்தத் தெருப் பசங்களுக்கு இங்கிலீஷ் ஏறாது சார், மினிமம் மெட்டீரியல் போதும்.” சாதிப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அது போதுமே. முதல் தலைமுறையாகப் படித்து வந்த தலித் பயிற்சி ஆசிரியரும் இதிலிருந்து தப்புவதில்லை. தன் உச்சரிப்பை நினைத்துக் கூசி அவரும் கைடுக்குள் ஒளிகிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். கல்குவாரிப் பெண்கள் எழுத்துக் கூட்டினார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். ‘இவர்களுக்கு வராது’ என்று நினைத்திருந்தவர்கள், வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாறினார்கள்.

2023 நாங்குநேரி கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பி.எட். பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னது. சமூகநீதி என்று ஒரு தாளைச் சேர்த்தால், இன்னொரு கேள்விக்குப் பதில் மனப்பாடமாகும், அவ்வளவே. முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தன் ஆங்கில வகுப்பில் யார் வாசித்தார்கள், யார் வாசிக்கவில்லை என்று எழுதட்டும், அதைக் கூடிப் பேசட்டும். 16 வாரத்தில் நான்கு வாரமாவது ‘மினிமம் மெட்டீரியல்’ பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும். சார்ட்டுக்கும் லெசன் பிளானுக்கும் போடும் மதிப்பெண்ணில் பாதியை இதற்குப் போடுங்கள்.