வெந்தயமும் மாத்திரையும்

ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பை அறியாதார் இலர். காலக்டோமன்னன் என்னும் கூட்டுச் சர்க்கரையே அது. பெயரில் சர்க்கரை இருப்பினும் நம் சிறுகுடலில் அது செரிப்பதில்லை. கூழாகித் திரண்டு, சோற்றின் குளுக்கோஸ் குருதியில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. கொத்தவரை விதைப் பிசினும் இவ்வினத்ததே.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலின் சார்ந்த நோயாளர்க்கு நாள்தோறும் கொழுப்பு நீக்கிய வெந்தயப்பொடி 100 கிராம் உணவுடன் தரப்பட்டது. சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. நம்மில் சிலரோ ஒரு தேக்கரண்டி விழுங்கிவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர்! கூழ் தாமதப்படுத்தும், குறைந்துபோன இன்சுலினை ஈடுசெய்யாது. நோன்புக் கஞ்சியிலும் வெந்தயம் இடும் நாம் அதன் பயனை மறுப்பதற்கில்லை. உணவாக அது தொடரட்டும். மருந்தைக் கைவிடுவதற்கு அதனைச் சான்றாகக் காட்டுவதையே மறுக்கிறேன்.