ஸ்பென்சர் பிளாசா யாருக்காகப் பிழைக்க வேண்டும்?

சென்னை அண்ணா சாலையிலுள்ள ஸ்பென்சர் பிளாசாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று ஏக்கத்தின் குரல். லேண்ட்மார்க்கில் நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்தது, மியூசிக் வேர்ல்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பைசா செலவில்லாமல் பாட்டுக் கேட்டது, குளிர்சாதனக் காற்றுக்காகவே மே மாதத்தில் மூன்று மாடிகளையும் சுற்றி வந்தது என்று அது தொடரும். மற்றொன்று நிலமதிப்பின் குரல். நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய இடம் சோர்ந்து கிடக்கிறதே, இடித்துப் புதிதாகக் கட்டினால் என்ன என்று அது கேட்கும். இவ்விரண்டு குரல்களிலும், இன்றைக்கும் காலையில் கதவை மேலே தள்ளி ஊதுவத்தி கொளுத்திக் கடை திறக்கிற மனிதருக்கு இடமில்லை. முதல் குரலுக்கு அவர் பழைய படத்தின் பின்னணி. இரண்டாவதற்கு அவர் காலி செய்யப்பட வேண்டிய ஆள்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சென்னையின் ஒரு வணிக வளாகத்துக்காக வருந்துவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஸ்பென்சருக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு பழையது. 1863-64இல் சார்லஸ் டரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவர் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கடை, யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்தபின் பேரங்காடியாக வளர்ந்தது. 1895இல் அவர் எழுப்பிய சிவப்புநிற இந்தோ-சாரசனிக் கட்டடத்தை வரைந்தவர் டபிள்யூ. என். போக்சன். ரயில் நிலையங்களின் உணவு விடுதிகள், பக்கத்திலிருந்த கன்னிமரா ஓட்டல் என்று அந்த நிறுவனத்தின் கை நீண்டது. அந்தக் கைகளில் ஒன்று திண்டுக்கல் வரை வந்திருந்தது. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த புகையிலை இங்கே பதம் செய்யப்பட்டு, கையால் சுருட்டப்பட்டு, பெட்டியில் அடுக்கப்பட்டு, சென்னையின் கண்ணாடிப் பேழைக்கும் அதற்கப்பால் லண்டனுக்கும் போயிற்று. (அது சர்ச்சிலின் வாய் வரை போனதாக எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் பிடித்தது திருச்சிச் சுருட்டுத்தான் என்று திருச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) துரைமார்கள் புகைத்த அந்தக் கடையின் லாபத்தில், புகையிலைக் காரம் ஏறிய திண்டுக்கல் விரல்களுக்கும் பங்கு இருந்தது. பேரங்காடிகளின் வரலாற்றைக் கட்டடக்கலையாக மட்டும் எழுதும்போது இந்த விரல்கள் விடுபட்டுப் போகின்றன.

1980களின் தொடக்கத்தில் அந்தப் பழைய கட்டடம் தீக்கிரையானது. (சில ஆண்டுகளில், 1985இல், மூர் மார்க்கெட்டும் எரிந்தது. தமிழ் வாசகர்களுக்கு அந்த இரண்டாவது தீதான் பெரிய தீ.) ஸ்பென்சர் எரிந்த மனையில் 1991இல் எழுந்ததுதான் இன்றைய ஸ்பென்சர் பிளாசா. பின்னர் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் சேர்ந்தன. இந்தியாவில் 'மால்' என்ற சொல் பரவலாவதற்கு முன்பே அப்படி ஒன்றாக அது நின்றது. 2010இல் நடந்து போகும் தொலைவிலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் வந்தது. பெரிய கடைகள் வெளியேறின, கூட்டம் இடம் மாறிற்று, இணைய வணிகம் மிச்சத்தை எடுத்துக்கொண்டது, 2020இன் ஊரடங்கு மேலும் ஓர் அடி கொடுத்தது.

தொண்ணூறுகளின் நம் சிற்றிதழ்ச் சூழலில் ஸ்பென்சர் பிளாசா என்றாலே 'நுகர்வுக் கலாச்சாரம்' என்ற ஒற்றைச் சொல்லில் கதை முடிந்துவிடும். உலகமயத்தின் வாசற்படி, மத்தியதர வர்க்கத்தின் கோவில் என்று எழுதியவர்கள், எழுதிய கையோடு லேண்ட்மார்க்கில் போய் நின்றார்கள் என்பது வேறு விஷயம். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு விவரத்தைக் கவனிக்கவில்லை. ஸ்பென்சர் பிளாசா ஒரே முதலாளியின் வளாகம் அன்று. கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டவை. சேமிப்பைத் திரட்டிப் பத்துக்குப் பத்து இடம் ஒன்றை வாங்கியவர்கள், அவர்களிடம் வாடகைக்கு எடுத்தவர்கள், காஷ்மீரிலிருந்து வந்து கம்பளமும் சால்வையும் விற்பவர்கள், கைப்பேசி பழுது பார்ப்பவர்கள், தோல் பை தைப்பவர்கள் என்று உள்ளே ஒரு கடைத்தெரு இருந்தது. கூரை மட்டும்தான் மால்.

வீழ்ச்சிக்கு இதுவே காரணம் என்று நிலவணிக வல்லுநர்கள் சொல்வார்கள், அது சரியும்கூட. ஒரே உரிமையாளர் உள்ள மாலில் எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் அவருக்கு வருவதால், கூட்டம் குறைந்தால் அவருக்கும் வலிக்கிறது. உடனே செலவு செய்து புதுப்பிக்கிறார். உரிமை நூற்றுக்கணக்கில் சிதறிய இடத்தில் பொதுவழி யாருடையது? மின்தூக்கிக்கு யார் பணம் தருவது? கடை பூட்டியிருக்கும் உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் கொடுக்க மறுப்பார்; கட்டணம் வராததால் பராமரிப்பு குறையும்; பராமரிப்பு குறைந்ததால் இன்னொரு கடை பூட்டும். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். ஆளுக்கொரு சாவி இருக்கிறது, வாசல் கதவுக்குத்தான் எவரிடமும் சாவி இல்லை.

ஆனால் வல்லுநர்கள் நோய் என்று காட்டுகிற அதே சிதறிய உரிமைதான் அந்த வளாகத்தின் உயிரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒற்றை முதலாளியின் மாலில் காஷ்மீரத்துச் சால்வைக்காரர் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளன்று அவரிடத்தில் ஏதோ ஓர் உலகப் பெயர் பலகை மாட்டியிருக்கும்.

சங்க இலக்கியம் பாடம் நடத்துகிறவர்கள் அங்காடி என்ற சொல்லை நாளங்காடி, அல்லங்காடி என்று பிரித்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். (பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு ஆணையிட்டபோது, மதுரைக்காஞ்சியின் அல்லங்காடி திரும்பி வந்துவிட்டதென்று மகிழ்ந்த தமிழாசிரியர்களும் உண்டு. இரவு முழுதும் நிற்கப் போகும் பணிப்பெண்ணைப் பற்றி அவர்கள் யோசித்தார்களா தெரியாது. அவளுக்கு உட்கார நாற்காலி தர வேண்டுமென்ற சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது.) சிலப்பதிகாரத்துப் புகாரில் நாளங்காடி எங்கே இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். கடல்வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்துக்கும், அரசனும் பெருங்குடியினரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், சோலையின் மரங்களையே கால்களாகக் கொண்டு அது அமைந்திருந்தது. இரண்டு பாக்கத்தாரும் கால் வைக்கக்கூடிய இடைநிலம் அது. அதற்குக் காவலாக ஒரு பூதம்.

எக்ஸ்பிரஸ் அவென்யூவும் ஃபீனிக்ஸும் பட்டினப்பாக்கங்கள். ரங்கநாதன் தெரு மருவூர்ப்பாக்கம். அங்கே நிற்பவர்களின் வாழ்க்கையை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படம் ஓரளவு காட்டிற்று. எங்கள் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைத் துணிக்கடைகளில் நிற்கிற பிள்ளைகள் எனக்கும் உண்டு. ஸ்பென்சர் பிளாசா தன் நல்ல நாட்களில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. வெளிநாட்டுப் பயணியும், கடவுச்சீட்டு வேலையாகத் தென்மாவட்டத்திலிருந்து பேருந்தேறி வந்தவனும் ஒரே மின் ஏணியில் நின்றார்கள். வாசலில் எவரும் நம்மை ஏற இறங்கப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரனுக்கு இது சிறிய விஷயமன்று.

உலகத்தில் இத்தகைய கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது? அமெரிக்க மால்களின் மூதாதை என்று சொல்லப்படும் சவுத்டேல் 1956இல் மினசோட்டாவில் திறந்தது. அதை வரைந்த விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர். வீடுகளும் பள்ளியும் பூங்காவும் சூழ்ந்த ஒரு நகர்மையத்தை அவர் கனவு கண்டார். கடையும் வண்டி நிறுத்துமிடமும் மட்டும் மிஞ்சின. பிற்காலத்தில் அவற்றுக்குத் தான் தகப்பனே அல்ல என்று மறுத்துவிட்டார். பாரிஸின் கண்ணாடிக்கூரைக் கடைவீதிகளைப் பற்றி வால்டர் பெஞ்சமின் குறிப்புகள் சேர்த்தது 1927 முதல் 1940 வரை. அதாவது அவை வழக்கொழிந்து போன பிறகு. எழுத்தாளர்களுக்கு ஓர் இடம் செத்த பிறகுதான் அழகாகத் தெரிகிறது. நமக்கும் அந்த நோய் உண்டு, மூர் மார்க்கெட்டைப் பற்றிய கட்டுரைகள் அனைத்தும் 1985க்குப் பின் எழுதப்பட்டவை போலவே இருக்கும்.

ஆனால் அதே பாரிஸில், சரிந்து கிடந்த பிராடி கடைவீதி 1970களில் தொடங்கி இந்தியத் துணைக்கண்டத்து மசாலாக் கடைகளாலும் உணவகங்களாலும் மீண்டும் நடமாட்டம் பெற்றது. புதுச்சேரி வழி வந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. வாடகை இறங்கியதால்தான் அவர்களால் உள்ளே வர முடிந்தது. வீழ்ச்சி என்று நாம் எழுதுவது சிலருக்கு நுழைவாயிலாக இருக்கிறது.

நாம் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டியது சிங்கப்பூரை. 1973இல் கட்டி முடிக்கப்பட்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸும் ஸ்பென்சரைப் போலவே துண்டு துண்டாக விற்கப்பட்ட கட்டடம். பளபளப்புப் போன பின்பு தாய்லாந்துத் தொழிலாளர்களும் அவர்களுக்கான உணவுக் கடைகளும் அங்கே சேர்ந்து அது 'குட்டித் தாய்லாந்து' ஆயிற்று. கட்டடக்கலை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். 2021இல் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமென்று அறிவிக்கப்பட்டது. 2022இல் 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மொத்தமாக விற்கப்பட்டது. 2023இல் கடைக்காரர்கள் காலி செய்தார்கள். கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது! ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து தன் ஊர்ச் சோற்றைத் தின்ற கட்டுமானத் தொழிலாளிக்கு அந்த முகப்பின் அழகால் என்ன பயன்?

தமிழ்நாட்டிலும் காற்று அந்தப் பக்கமே வீசுகிறது. அடுக்கக உரிமை குறித்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் இடித்துக் கட்ட வழிவிடுகிறது. இடிந்து விழும் நிலையிலுள்ள குடியிருப்புகளில் ஒருவரின் பிடிவாதத்தால் நூறு குடும்பங்கள் தவிப்பதைத் தடுக்க அது வேண்டியதே. வணிக வளாகம் என்று வரும்போதோ, மூன்றில் இரண்டு பங்கைப் பணம் படைத்த ஒருவர் மெல்ல மெல்ல வாங்கிச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. மிச்ச ஒரு பங்கினரும், உரிமைப் பத்திரமே இல்லாத வாடகைக் கடைக்காரரும், அவரிடம் வேலை பார்க்கும் பையனும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

ஸ்பென்சர் பிளாசா பிழைப்பதற்கு இன்றைக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான மெட்ரோ திறந்தபோது எல்.ஐ.சி. நிலையம் அதற்கு அருகிலேயே வந்துவிட்டது. மின்சார ரயிலில் வருகிறவனை உள்ளே இழுக்க உலகப் பெயர்கள் வேண்டியதில்லை. உரிமை அவரவரிடமே இருக்கட்டும். பராமரிப்பை மட்டும் எல்லோரும் பங்குபெறும் ஒரே நிர்வாகத்திடம் விடலாம். காலியான தளங்களை அரசு வாடகைக்கு எடுத்து மக்கள் நாள்தோறும் வந்துபோகும் அலுவலகங்களை வைக்கலாம். ஒரு கிளை நூலகம் வைக்கலாம். அலமாரிக்கு இடமில்லாமல் வீட்டுக் கூடத்தில் புத்தகக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் சிறு பதிப்பாளர்களுக்கு, ஜனவரிப் புத்தகக் கண்காட்சி தவிர ஆண்டில் மற்ற பதினொரு மாதம் வாசகனைச் சந்திக்க இடமில்லை. அவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஒரு வரிசை கொடுத்தால், லேண்ட்மார்க் போன வெறுமையில் கொஞ்சமாவது நிரம்பும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டைப் பூட்டுக்காரர் எங்கே மாட்டிக்கொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. நாகல்நகர்ப் பட்டறைக்காரருக்கும் சின்னாளபட்டி நெசவாளருக்கும் அங்கே ஆளுக்கொரு சிறிய கடை, இடைத்தரகர் இல்லாமல். (பூம்புகார் நிலையம் அதே சாலையில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே பொருள் இருக்கிறது, செய்தவர் இல்லை.) ஒருகாலத்தில் எங்கள் ஊர்ச் சுருட்டை விற்ற மனைதானே அது.

இதெல்லாம் லாபம் தருமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் திட்ட அறிக்கை ஏதுமில்லை, நான் தமிழ் படித்தவன். ஆனால் எந்தத் திட்ட அறிக்கையும் எழுதப்படுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் எடுக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துவேன். இன்று அங்கே திறந்திருக்கும் கடைகள் எத்தனை, சொந்தக் கடை எத்தனை, வாடகைக் கடை எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்குச் சம்பளம், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள். சென்னையிலுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியின் பொருளியல் துறை மாணவர்கள் இருபது பேருக்கு இது ஒரு வார வேலை. தேநீர்ச் செலவைக் கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.