சீவி என்பது நியமன விண்ணப்பம் அல்ல



"டீச்சர், இந்த சீவிய ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க" என்று பழைய மாணவிகள் வட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது கூடிவிட்டது. பலர் தேடுவது அரசாங்க வேலை அல்ல. வீட்டிலிருந்தபடியே ஊடக அறிக்கை எழுதுவது, நிறுவனங்களின் பேஸ்புக் பக்கத்தைக் கவனிப்பது, மொழிபெயர்ப்பது போன்ற சுயாதீனத் தொடர்பாடல் வேலைகள். ஆனால் வருகின்ற சீவி எல்லாம் ஒரே அச்சு. முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், மதம், விவாக நிலை, ஓ.எல் பெறுபேறு பாடம் பாடமாக, இசட் புள்ளி, உறவினரல்லாத இருவரின் பெயர். கடைசியில் "மேற்கூறியவை யாவும் உண்மை" என்று ஒரு கையொப்பம்.

இது வர்த்தமானி விண்ணப்பத்தின் பிரதி. நியமனம் தருபவர் தகைமையைப் பார்ப்பார், அவருக்கு இது சரி. சுயாதீன வேலை தருபவர் பார்ப்பது வேறு: "இந்த வேலையை நாளைக்கே இவரிடம் கொடுக்கலாமா?" அந்தக் கேள்விக்கு இசட் புள்ளியில் பதில் இல்லை.

என் கருத்து இதுதான். தொடர்பாடல் வேலைக்கான சீவி தகைமைப் பட்டியலாக இருக்கக்கூடாது. செய்த வேலையைக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு வரியில் யாருக்கு என்ன செய்து கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். "தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஊடக அறிக்கையும் சமூக ஊடகப் பதிவும் எழுதுகிறேன்" என்றால் போதும். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில் இந்த மும்மொழி பெரிய சொத்து. அதை மூன்றாம் பக்கத்தில் "மொழிகள்" என்ற தலைப்பின் கீழ் ஒளிக்காதீர்கள்.

"நல்ல தொடர்பாடல் திறன் உண்டு" என்பதை வெட்டிவிடுங்கள். எல்லோரும் எழுதும் வரி அது. அதற்குப் பதிலாக, 2025 நவம்பரில் டித்வா வெள்ளத்தின்போது சிங்கள அறிவித்தல்களைத் தமிழாக்கி ஊர்ப் பக்கத்தில் போட்டிருந்தால் அதை எழுதுங்கள். எத்தனை நாள், யாருக்காக, எது பத்திரிகையில் வந்தது என்று சொல்லுங்கள். காட்டக்கூடிய எண்ணை மட்டும் போடுங்கள். செய்யாததை எழுதுவது அமானிதத்துக்குத் துரோகம். செய்ததை மறைப்பதும் பணிவு அல்ல.

துண்டு துண்டாகச் செய்த வேலைகளை "சுயாதீனத் தொடர்பாடல் பணி, 2022 முதல்" என்பது போல ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள். அப்போது இடைவெளி தெரியாது, தொடர்ச்சி தெரியும். சிறந்த நான்கைந்து வேலைகளை ஒரு கூகுள் ட்ரைவ் கோப்புறையில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். இணைப்பு மற்றவருக்குத் திறக்கிறதா என்று வேறொரு போனில் பாருங்கள். எழுத்துப் பிழையையும் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எழுதுவதற்கே ஆள் தேடுபவர் முதலில் படிக்கும் உங்கள் எழுத்து இந்த சீவிதான்.

அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்தே பிறந்த ஆண்டையும் நாளையும் கணக்கிடலாம். பெண்களுக்கு நாளின் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருப்பதால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு இது எதற்கு? புகைப்படமும் அவசியமில்லை. படம் போட விரும்பாத சகோதரிகள் அதனால் பின்வாங்க வேண்டாம்.

இனி பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை.

இந்தப் பிள்ளைகளிடம் காட்ட வேலை இல்லாமலில்லை. பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை விழா மலர், நிவாரண நிதிக்கான பதிவு, மையவாடிக் காணிப் பிரச்சினைக்கான ஊடக அறிக்கை என்று ஊரில் பாதி எழுத்தை எழுதுவது இவர்கள்தான். "தங்கச்சி, இரவைக்குள்ள செஞ்சு தாங்க, அல்லாஹ் கூலி தருவான்" என்று வாங்கிக்கொள்கிறோம். வெளிவரும்போது கீழே இருப்பது தலைவர், செயலாளர் பெயர்கள். எழுதியவள் பெயர் எங்கும் இல்லை. பிறகு அவளுடைய சீவியில் "அனுபவம்: இல்லை" என்று வருகிறது.

வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. காசு கொடுக்க வசதியில்லாத நிர்வாகம் தலைப்புக் கடிதத்தில் நான்கு வரி எழுதிக் கொடுக்கலாமே. இன்ன காலத்தில் இன்ன வேலையைச் செய்தார், திருப்தி, தொடர்புகொள்ள இந்த இலக்கம். ஒரு காகிதமும் ஒரு முத்திரையும்தான் செலவு. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு முதல் வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அந்தக் கடிதமாக இருக்கலாம்.

தம்பி, தங்கச்சிமாரே, கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். நிர்வாகங்களில் இருப்பவர்களே, அவர்கள் கேட்க முன்னரே கொடுங்கள்.